சந்தாவா, ஒப்பந்தமா, கட்டற்ற மென்பொருளா, சொந்தக் குழுவா? அலுவலகத்தைக் கணினிக்கு மாற்றும் முன் ஓர் ஒப்பீடு

"எங்கள் வேலையை எல்லாம் கணினிக்கு மாற்றப் போகிறோம். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதை எடுப்பது?" மருத்துவமனை நிர்வாகிகள், நூலகர்கள், கூட்டுறவுச் சங்கத்தினர், தொண்டு நிறுவனக் கணக்காளர்கள், உள்ளாட்சி அலுவலர்கள் என்று பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். சந்தா கட்டி ரெடிமேட் மென்பொருளை எடுக்கலாம். டெண்டர் விட்டு நமக்கென்று தனியாகச் செய்யச் சொல்லலாம். கட்டற்ற மென்பொருள், அதாவது மூல நிரலை (அதை எழுதிய வரிகளை) எவரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியிட்ட மென்பொருள், ஒன்றை எடுத்து நமக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்து நாமே எழுதலாம்.

இதற்கான கூட்டங்களில் பேச்சு விலையில் தொடங்கி, டெமோவில் பார்த்த திரைகளின் அழகில் முடிந்துவிடுகிறது. இரண்டும் முக்கியம்தான். ஆனால் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குள் வந்த நாளிலிருந்து, யாருக்கு எது கிடைக்கும், யார் காத்திருக்க வேண்டும், யார் பேச்சு எடுபடும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கத் தொடங்கிவிடும். அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அது தப்பாகச் சொன்னால், தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நான்கில் எது என்பது பாதி முடிவான மாதிரி.

## எதை வைத்து எடைபோடுவது

தப்பைத் திருத்துவது யார்?

பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 1999இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளில் வைக்கத் தொடங்கியது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு என்ற ஜப்பானியக் கணினிக் குழுமம். கிளை நடத்துபவர்கள் கணக்கு முடிக்கும்போது, கையில் இருக்கும் பணத்துக்கும் திரை காட்டும் தொகைக்கும் நடுவே காரணம் தெரியாத துண்டு விழ ஆரம்பித்தது. ஒப்பந்தப்படி அதை அவர்களே கட்ட வேண்டும். சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். உதவி எண்ணை அழைத்தால், வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே என்ற பதில்தான் பலருக்கும் கிடைத்தது. பிறகு திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் வந்தன. 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். கிளைக்காரருக்குத் தெரியாமலே ஃபுஜிட்சு ஊழியர்கள் எங்கிருந்தோ அந்தக் கிளையின் கணக்கை மாற்ற முடியும் என்ற விஷயம் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. 2019 டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள்.

மென்பொருள் என்றால் பிழை இருக்கும். அது அதிசயம் இல்லை. இங்கே குடும்பங்களை அழித்தது, அந்தப் பிழையைப் பார்க்கும் வழி பாதிக்கப்பட்டவருக்கு இல்லாமல் போனதுதான். துண்டு எங்கே விழுந்தது என்று தானே தேடிப் பார்க்கும் அளவுக்குக் கிளைக்காரரின் திரையில் விவரம் இல்லை. சட்டமும் அவர் பக்கம் நிற்கவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கணினித் தகவலைச் சான்றாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக ஓடியது என்பதையும் காட்ட வேண்டும். 1999இல் இயற்றிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அப்புறம், கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இல்லை என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுந்தது.

ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இருக்கிறதா? அந்தப் பதிவைப் பாதிக்கப்படுபவரும் பார்க்க முடியுமா? விற்றவர்கள் உள்ளே வந்து மாற்றினால் அதுவும் அதில் ஏறுமா?

கவுன்டரில் இருப்பவருக்கு என்ன அதிகாரம் மிஞ்சும்?

அரசு உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்கள் யார் என்று கணினியை வைத்துக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலிய அரசு கொண்டுவந்த ரோபோடெட் திட்டத்தை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துகொள்ளலாம். அங்கே உதவித்தொகை வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் வருமானத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் வருடத்தின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதித்தார், பிற்பாதியில் வேலை இல்லாமல் உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முறைப்படிதான். கணினி என்ன செய்தது? வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26 இருவாரங்களாகச் சமமாக வகுத்தது. இருவாரத்துக்கு 1,000 டாலர். அந்தக் கணக்குப்படி, வேலையில்லாமல் இருந்த மாதங்களிலும் அவருக்கு வருமானம் வந்திருக்கிறது, அதை அவர் மறைத்துவிட்டார். உடனே கடன் நோட்டீஸ் போனது.

வருமானத்தைச் சராசரியாக்கிப் பார்ப்பது அந்தத் துறைக்குப் புதிது இல்லை. முன்பு அது ஊழியர் ஒருவர் எடுத்து விசாரிக்க வேண்டிய குறிப்பாக இருந்தது. அந்த விசாரணையை எடுத்துவிட்டு, இல்லையென்று காட்டும் பொறுப்பை மக்களிடம் தள்ளியதுதான் புதிது. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். 2019 நவம்பரில் ஒரு வழக்கில் அரசே இது சட்டப்படி செல்லாது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு சுமார் 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023இல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது.

டெமோ காட்ட வருகிறவரிடம், "இந்த ஒருவருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்க வேண்டும், எப்படி?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மற்ற மூன்று அளவுகோல்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதி மாறினால் மென்பொருளை மாற்ற எத்தனை நாள் ஆகும், யாரைக் கேட்க வேண்டும். நாளைக்கு வேறிடம் போக நினைத்தால் நம் தரவு முழுசாகக் கைக்கு வருமா. அப்புறம் செலவு: முதல் வருட விலையைப் பார்க்காமல் பத்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி, பழைய தரவை மாற்றுவது, பராமரிப்பு, அந்த மென்பொருளைக் கவனிக்கும் ஆளின் சம்பளம் எல்லாம் சேர வேண்டும்.

## வழி 1: சந்தா கட்டி ரெடிமேட் எடுப்பது

எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரி நடக்கும் வேலைகளுக்கு இதுதான் நல்ல வழி. கணக்கு வழக்கு, மின்னஞ்சல், இருப்புப் பதிவு, எளிமையான சம்பளப் பட்டியல் ஆகியவற்றை இதில் சேர்க்கலாம். ஏற்கனவே பல ஆயிரம் பேர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லித் திருந்திய மென்பொருள் கிடைக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்வது, பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது எல்லாம் அவர்கள் பாடு. தொழில்நுட்ப ஆளே இல்லாத பத்துப் பேர் அலுவலகம் வேறு வழியைத் தேட வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, விலை நம் கையில் இல்லை என்பது. சர்வர்களை நடத்தும் மென்பொருள் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு எல்லாமே சந்தா என்று அறிவித்தது. அதை நம்பி வருடக்கணக்கில் சர்வர்களை அமைத்திருந்தவர்கள் அவசரமாகப் பட்ஜெட்டைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பேக்கப்பும் அவர்கள் பாடுதான் என்று நம்பி இருந்துவிடுவது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்ததைப் பாருங்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். சர்வர்களை இணையவழியில் வாடகைக்குத் தரும் கூகுள் கிளவுடில் அவர்களுக்கான தனிப்பகுதியை அமைத்தபோது, கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். காலியாக இருந்தால் அந்தக் கருவி ஓர் ஆண்டுக் காலம் என்று எடுத்துக்கொள்ளும். ஓர் ஆண்டு முடிந்ததும் அந்தத் தனிப்பகுதி தானாக அழிந்தது. இரண்டு இடங்களில் பிரதி இருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்டெடுக்கப் பெரிய துணையாக இருந்தது. சந்தா எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், அதற்கான செலவையும் சந்தாவோடு சேர்த்தே எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: ரெடிமேடை எடுத்துவிட்டு நம் பழக்கத்துக்கு வளைக்கப் பார்ப்பது. பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரமன்றம் 2022 ஏப்ரலில் எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய மென்பொருளை விட்டு ஆரக்கிள் நிறுவனத்தின் ரெடிமேட் மென்பொருளுக்கு மாறியது. இருக்கிறபடியே பயன்படுத்துவோம் என்பதுதான் ஆரம்பத் திட்டம். போகப் போக, பழைய நடைமுறைக்கு ஏற்ற மாற்றங்களைக் கேட்டு வாங்கினார்கள். வந்த பணத்தை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் பகுதியும் அப்படி மாற்றியதில் ஒன்று. ஓடத் தொடங்கியதும் அந்தப் பகுதியே காலை வாரியது. எந்த வரவு எந்தக் கணக்குக்கு என்று தெரியாமல் ஊழியர்கள் கையால் பிரிக்க உட்கார்ந்தார்கள். சுமார் 1.9 கோடி பவுண்டில் முடியும் என்று சொன்ன வேலை 10 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

சந்தா வழியில் போவதென்றால் உங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள். "நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்வோம்" என்ற வாக்கியம் கூட்டத்தில் பலமுறை வந்தால் இந்த வழி வேண்டாம்.

## வழி 2: டெண்டர் விட்டுத் தனியாகச் செய்விப்பது

சட்டம் போட்ட விதிகள், வேறெங்கும் இல்லாத கணக்கு முறை, ரெடிமேடில் அடங்காத வேலை என்றால் இந்தப் பக்கம் வருவார்கள். காரணம் நியாயமானது. ஆனால் நான்கில் மிக மோசமான விபத்துகள் நடப்பதும் இங்கேதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை தன் சம்பள மென்பொருள் வேலையை ஐபிஎம் நிறுவனத்திடம் கொடுத்தது. ஒப்பந்தத் தொகை சுமார் 62 லட்சம் டாலர். துறையில் 13 ஊதிய ஒப்பந்தங்கள், 200க்கும் மேற்பட்ட படிகள். எல்லாம் சேர்ந்தால் சம்பளம் போடும் விதங்கள் 24,000 வரை போகும். இரவுப் பணிப் படி, அழைத்தால் வரும் பணிக்கான படி, தொலைதூர ஊருக்கான படி என்று ஒவ்வொன்றும் இன்னொன்றோடு பின்னிக் கிடக்கும். இவ்வளவையும் எழுத்தில் சொல்லி முடிக்கும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. 2010 மார்ச்சில் ஓடவிட்டார்கள். செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் குறைவாக வந்தது, கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அதைச் சரிசெய்யவும் ஓட்டவும் ஆகும் மொத்தச் செலவை 120 கோடி டாலர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 2013இல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தபோது, துறை தன் தேவையைத் தெளிவாகச் சொல்லவே இல்லை என்பது பெரிய குறையாக வெளிவந்தது.

தேவையை விரிவாக எழுதிவிட்டால் போதுமா? அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எழுதிப் பார்த்தது. வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் திட்டத்துக்கு 800 பக்கத்துக்கும் மேல் தேவைப் பட்டியல். எந்தத் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. நடுவில் தேவைகள் மாறிக்கொண்டே போயின. சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005இல் மொத்தத்தையும் கைவிட்டார்கள். நடக்கும் வேலையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதற்கு எத்தனை பக்கம் எழுதினாலும் ஈடாகாது.

டெண்டரில் குறைந்த விலை கேட்டவரே பெரும்பாலும் ஜெயிப்பார். குறைத்ததை, பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் போட்டு எடுத்துவிடுவார். வேலை முடிந்ததும் எழுதியவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் அப்படி எழுதினோம் என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். மூல நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால், இரண்டு வருடம் கழித்து வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தக்கூட முடியாது.

இந்த வழி எப்போது சரி? விதிகளை முழுசாக அறிந்த ஒருவர் உங்கள் பக்கம், முழுநேரமாக, முடிவெடுக்கும் அதிகாரத்தோடு இருக்கும்போது. அதோடு வேலையைச் சிறுசிறு துண்டாக்கி, ஓடிக் காட்டிய துண்டுக்கு மட்டும் பணம் என்று ஒப்பந்தம் போட முடிந்தால்.

## வழி 3: கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வது

நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற வட்டாரத்தின் நூலக அறக்கட்டளை 1999இல் ஒரு நெருக்கடியில் இருந்தது. அதன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதிகளைத் தாங்காது. சந்தையில் இருந்தவை அதன் வசதிக்கு ஒத்துவரவில்லை. அது ஒரு சிறு நிறுவனத்திடம் தனியாகச் செய்யச் சொன்னது. இது வழி 2 தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் செய்ததைப் பூட்டி வைக்காமல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். 2000 ஜனவரியில் கோஹா என்ற அந்த நூலக மென்பொருள் ஓடத் தொடங்கியது. பிறகு மற்ற நாடுகளின் நூலகங்கள் எடுத்தன, திருத்தின, புதிய வசதிகளைச் சேர்த்தன. அந்தச் சிறு நூலகம் தனியே தாங்க வேண்டியிருந்த சுமையை உலகெங்கும் உள்ள நூலகர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பொதுப்பணத்தில் மென்பொருள் செய்யும் எவருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சுகாதாரத் துறையில் டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருள் இதே போன்றது. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய முயற்சி, பின்னர் ஓஸ்லோ பல்கலைக்கழகம் தாங்கிப் பிடித்து, இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் சுகாதாரத் தரவைத் தொகுக்கிறது.

லைசென்ஸ் இலவசம் என்பதற்காக மட்டும் இங்கே வராதீர்கள். நிறுவ, மொழிபெயர்க்க, பயிற்சி கொடுக்க, புதிய பதிப்புக்கு மாற ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறு கட்டற்ற நிரல்தொகுப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, உலகின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் தன்னார்வலர்கள் சிலர் பராமரித்த அதன் மேல்தான் நிற்கின்றன என்பது தெரிந்தது. தங்கள் மென்பொருளுக்குள் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்த அலுவலகங்கள் அன்று தப்பின.

அலுவலக அரசியலும் ஒரு செலவுதான். ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் 2003இல் கட்டற்ற இயங்குதளமான லினக்சுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோசுக்கே திரும்புவது என்று நகரமன்றம் வாக்களித்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை என்ற புகார், பிரிந்து கிடந்த தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள், மாறிய தலைமை என்று காரணங்கள் பல. அதே காலத்தில் பிரான்சின் ஜெந்தார்மரி காவல் படை பல்லாயிரம் கணினிகளை லினக்சின் ஒரு வகையான உபுண்டுவுக்கு மாற்றி, அதிலேயே நிலைத்துவிட்டது. அவர்கள் முதலில் அலுவலகச் செயலிகளையும் உலாவியையும் மாற்றிப் பழக்கினார்கள். அப்புறம்தான் இயங்குதளத்தைத் தொட்டார்கள். பொறுமையாக, படிப்படியாகப் போனது பெரிய பலம்.

உங்கள் வேலைக்கென்றே ஒரு கட்டற்ற மென்பொருள் இருந்து, அதைச் சுற்றி உயிரோட்டமுள்ள சமூகமும் இருந்து, உங்களிடம் ஒரே ஒரு நல்ல தொழில்நுட்ப ஆளாவது இருந்தால், நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தப்பு நடந்தால் திறந்து பார்க்க முடியும். பராமரிப்பவர் சரியில்லை என்றால் மாற்றலாம். தரவு நம்மிடம் இருக்கும்.

## வழி 4: சொந்தக் குழு வைத்து எழுதுவது

எஃப்பிஐ கதை 2005இல் முடியவில்லை. அடுத்த முயற்சியான சென்டினலும் 2006இல் ஒப்பந்தத்துக்குத்தான் போனது; அதுவும் இழுத்தது. 2010இல் எஃப்பிஐயே வேலையைக் கையில் எடுத்தது. ஆட்களைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற பகுதி ஒன்றைக் காட்டச் சொல்லி, 2012 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிரிட்டன் அரசு 2011இல் தனக்கென்று ஒரு டிஜிட்டல் சேவைக் குழுவை வைத்து, சிதறிக் கிடந்த அரசுத் தளங்களை ஒரே தளமாக்கியதும் இந்த வழியில்தான்.

தப்பைத் திருத்தும் வேகத்தில் இதற்கு இணை இல்லை. எழுதியவர் அடுத்த அறையில் இருக்கிறார். கவுன்டரில் நடப்பதை நேரில் வந்து பார்க்கிறார்.

ஆனால் அவர் வேலையை விட்டுப் போனால்? ஒருவர் மட்டும் எழுதி, ஒருவருக்கு மட்டும் புரிகிற மென்பொருள் பெரிய ஆபத்து. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தில் வேலையிழந்தவர்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. உதவித்தொகை போடும் கணினி 40 ஆண்டுப் பழசு, எழுதியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். ஆகவே குறைந்தது மூன்று பேர் இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. அவர்களுக்குச் சந்தைச் சம்பளம் கொடுக்க முடியுமா என்பதையும் முன்பே பாருங்கள். பெரிய துறைகளுக்கும், மென்பொருள்தான் சேவையே என்னும் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். சின்ன அலுவலகத்துக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சந்தா | ஒப்பந்தம் | கட்டற்றது | சொந்தக் குழு |
|---|---|---|---|---|
| தப்பைத் திருத்துவது | விற்றவர், அவர் வரிசைப்படி | ஒப்பந்தத்தில் உள்ளபடி | நாம், அல்லது நாம் அமர்த்தும் எவரும் | நாம், உடனே |
| விதிவிலக்குக்கு இடம் | அவர்கள் வைத்த அளவுக்கு | முன்பே கேட்டிருந்தால் | மாற்றிக்கொள்ளலாம் | மாற்றிக்கொள்ளலாம் |
| விதி மாறினால் | காத்திருக்க வேண்டும் | தனிக் கட்டணம் | ஆள் இருந்தால் விரைவு | விரைவு |
| வெளியேறுவது | தரவு எப்படி வரும் என்பதைப் பொறுத்தது | மூல நிரல் உரிமையைப் பொறுத்தது | எளிது | நாமே எழுதியதை விடுவது மனசுக்குக் கடினம் |
| மறைந்த செலவு | விலை ஏற்றம், தனி பேக்கப் | மாற்றக் கட்டணம் | ஆள், பதிப்பு மாற்றம் | சம்பளம், விட்டுப் போகிறவர்கள் |

## எக்செல்லிலேயே ஓட்டலாமா?

பலர் தயங்கிக் கேட்பது இது. தாராளமாக ஓட்டலாம், அளவு சிறியது, ஒருவரே பார்க்கிறார், பிழை வந்தால் யார் உயிருக்கும் உரிமைக்கும் கேடில்லை என்றால். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் பெயர்கள் பட்டியலில் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதமானது. தரவு வளர்ந்துகொண்டே போகும் வேலை என்றால் முன்கூட்டியே மாறிவிடுங்கள்.

## யாருக்கு எது

சிறு சங்கம், சிறு பள்ளி, தொழில்நுட்ப ஆள் இல்லை: சந்தா, கூடவே வேறிடத்தில் சொந்த பேக்கப். நூலகம், சுகாதாரத் திட்டம், கல்வி போல் உலகெங்கும் ஒரே மாதிரி வேலை: கட்டற்ற மென்பொருள், அதைப் பராமரிக்க உள்ளூர் நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம். சட்டப்படி தனி விதிகள் கொண்ட பொதுச்சேவை: மூல நிரல் நமக்கே என்ற நிபந்தனையோடு சிறு துண்டுகளாக ஒப்பந்தம், மேற்பார்க்க உள்ளே இரண்டு மூன்று பேர். நாட்டளவில் மக்கள் உரிமையைத் தீர்மானிக்கும் சேவை என்றால் சொந்தக் குழு இல்லாமல் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. ஒரே அமைப்புக்குள் இந்த நான்கும் கலந்திருக்கலாம். கணக்குக்குச் சந்தா, நோயாளிப் பதிவுக்குக் கட்டற்றது என்று பிரிப்பது நல்ல புத்தி.

## எந்த வழியானாலும் பழைய ஆட்களை அனுப்பிவிடாதீர்கள்

கனடா அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளை ஓடவிட்டது. சுமார் 2,90,000 ஊழியர்களுக்கானது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். துறைகளில் சம்பளம் போட்டுவந்த 1,200 பேரின் பணியிடங்களை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஒரே ஊரில் 550 பேரை அமர்த்தினார்கள். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டத்தையும் ரத்து செய்தார்கள். சம்பளம் தாறுமாறாக வரத் தொடங்கியபோது, கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஏற்கனவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். வாடகை கட்ட முடியாமல், வீட்டுக் கடன் தவணை தவறி ஊழியர்கள் திண்டாடினார்கள். மிச்சம் என்று நினைத்ததைப் போல் பல மடங்கு செலவானது.

ஆகவே பட்டியலில் இதையும் சேருங்கள். பழைய முறையும் புதியதும் சேர்ந்து ஓடும் காலம், மாதக்கடைசி, காலாண்டு முடிவு, ஆண்டுக்கணக்கு மூன்றையும் தொட வேண்டும். அதுவரை பழைய பிரிவிலிருந்து ஒருவரைக்கூட மாற்றக் கூடாது. அவர்களின் சம்பளம் திட்டச் செலவில் சேரும்.

ஏற்கனவே ஒப்பந்தம் போட்டுவிட்டோம் என்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். விற்றவரிடம் உங்கள் தரவு முழுவதையும் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். வந்த கோப்பில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா, அடையாள எண்களின் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்திருக்கிறதா, பெயர்கள் எழுத்துச் சிதையாமல் இருக்கின்றனவா, இணைத்த ஸ்கேன் கோப்புகளும் யார் எப்போது மாற்றினார் என்ற பதிவும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதாவது ஒரே ஒரு பயனாளியின் முழு வரலாற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், அடுத்த தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.